ஒன்பதுக்கு மேல், பதினைந்துக்குள்

தையற்காரர் என்றதும் சட்டையும் கால்சட்டையும் தைக்கிறவர் என்று நினைத்துவிடக் கூடாது. அவர் தைத்ததில் மிகச் சிறிய துணியை எடுத்தாலும் ஒரு குடும்பமே அதைப் போர்த்திக்கொண்டு தூங்கலாம். லாரிச் சுமைக்கு மேல் இழுத்துக் கட்டும் தார்ப்பாய், கடை வாசலில் நீட்டிவிடும் மறைப்பு, திறந்தவெளியில் கம்பத்துக்குக் கம்பம் கட்டும் நிழல்துணி, இவைதான் அவர் தொழில். நீளக் கை வைத்த தையல் இயந்திரம் ஒன்றின் முன்னால் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருந்தார். அவர் முதுகு வளைந்த விதத்தைப் பார்த்தால் அந்த இயந்திரத்தோடு சேர்த்தே வார்த்துவிட்டார்களோ என்று தோன்றும்.

பட்டறையில் மொத்தம் மூன்று பேர். துணி வெட்டுவது அவர் மனைவி. வந்துபோகிறவர்கள் அவளைக் கத்திரியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு முழ நீளக் கத்திரியைப் பிடித்துக்கொண்டு, தரையில் விரித்த துணியின் மேல் முழங்காலில் நகர்ந்து நகர்ந்து அவள் வெட்டுவாள். சுண்ணக்கட்டியால் போட்ட கோட்டை விட்டு ஒரு நூல் விலகாது. அளவெடுப்பது, கணினியில் அட்டவணை போடுவது, வாடிக்கையாளரிடம் பேசுவது எல்லாம் தையற்காரரின் தங்கை. முப்பத்தொரு வயதாகியும் வீட்டில் அவள் பேர் பாப்பாதான். அப்பா அம்மா போன பிறகு தங்கையை வளர்த்துப் பட்டம் வாங்கவைத்தவர் அண்ணன். பட்டமளிப்பு அங்கியில் அவள் நிற்கும் படத்தைப் பெரிதாக்கி, இயந்திரத்துக்கு நேர் எதிரே மாட்டியிருந்தார். ஊசியிலிருந்து கண்ணை எடுத்தால் தங்கை தெரிவாள்.

"எல்லாம் என் பாப்பா போட்ட கணக்கு" என்று அவர் சொல்லிக் கேட்காமல் ஒரு வாடிக்கையாளரும் அந்தப் படியை இறங்கியதில்லை. மனைவியைப் பற்றி அப்படி ஒன்றும் சொன்னதில்லை. அக்கறை இல்லை என்று அர்த்தமில்லை. என் வலது கை எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது பார் என்று யாராவது ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார்களா?

கத்திரியம்மா பள்ளியில் கடைசித் தேர்வில் கணக்கில் தவறியவள். அதோடு புத்தகத்தை மூடியவள், நாற்பத்து மூன்றாவது வயதில், மத்தியானச் சாப்பாட்டின் நடுவே சாவகாசமாகச் சொன்னாள்.

"நான் விட்ட பரீட்சையைத் திரும்ப எழுதப்போறேன்."

தையற்காரர் வாயில் வைத்த கவளத்தை விழுங்கிவிட்டுக் கேட்டார். "இப்ப எதுக்கு? யாராவது பொண்ணு பாக்க வர்றாங்களா?"

"வந்தா உங்களைக் கேக்காம முடிவு பண்ணமாட்டேன்."

பாப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. அந்தச் சிரிப்போடு விஷயம் முடிந்தது என்றுதான் தையற்காரர் நினைத்தார். அடுத்த வாரமே கத்திரியம்மா இரண்டு தெரு தள்ளியிருந்த மாலை வகுப்பில் பேரைக் கொடுத்துவிட்டு வந்தாள். வாரத்துக்கு மூன்று நாள். கொண்டுபோய் விடுவதும் கூட்டிக்கொண்டு வருவதும் தையற்காரர் தலையில் விழுந்தது. வீட்டுக்கு வந்து திரும்பப் போக அலுப்பாக இருந்ததால் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே கிடந்த பெஞ்சிலேயே உட்கார்ந்துகொள்வார். பல நாள் அங்கேயே கண்ணயர்ந்துவிடுவார்.

ஒருநாள் தூங்கவில்லை. உள்ளே எட்டுப் பேர். ஒரு பேருந்து நடத்துநர், ரொட்டிக்கடைக்காரர், சலவைக்கடை நடத்தும் அக்கா தங்கை இருவர், இப்படிப் பகலெல்லாம் உழைத்துவிட்டு வந்தவர்கள். டீச்சர் ஒல்லியான பெண்மணி, குரல் மட்டும் கணீரென்று இருக்கும்.

"ரெண்டு, மூணு, ஆறு சென்டிமீட்டர். இந்த மூணு பக்கத்தையும் வெச்சு ஒரு முக்கோணம் வரைங்க பாக்கலாம்."

எட்டுப் பேரும் குனிந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ரொட்டிக்கடைக்காரர் தன் காம்பஸ் தளர்ந்துபோயிருக்கிறது என்றார். நடத்துநர் காகிதத்தைத் திருப்பிப் போட்டு வரைந்து பார்த்தார். சலவைக்கடை அக்கா தங்கைக்குள் யார் தப்பாக அளந்தது என்று சண்டையே வந்துவிட்டது. கத்திரியம்மா மட்டும் ஆறு சென்டிமீட்டர் கோட்டைப் போட்டுவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

"டீச்சர், இது மூடாது."

"ஏன் மூடாது?"

"ஆறு கீழ படுத்திருக்கு. இந்த முனையில ரெண்டு நிக்குது, அந்த முனையில மூணு நிக்குது. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு கைகொடுக்கக் குனியுது. எவ்வளவு குனிஞ்சாலும், தரையோட தரையா படுத்தே போனாலும், ரெண்டும் மூணும் அஞ்சுதானே? நடுவுல ஒரு சென்டிமீட்டர் காலியாக் கிடக்கும். காம்பஸ் மேல பழி போட்டு என்ன பண்றது?"

டீச்சர் சாக்பீஸை மேசை மேல் வைத்தார். "இதைச் சொல்லிப் புரியவைக்கத்தான் ஒரு மணி நேரம் ஒதுக்கி வெச்சிருந்தேன். இப்ப அந்த ஒரு மணி நேரத்துக்கு நான் என்ன பண்ணுவேன்?"

வகுப்பே சிரித்தது. ஜன்னலுக்கு வெளியே தையற்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எதற்கு நிமிர்ந்தோம் என்று அவருக்கே விளங்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த பாடம் அவளை லேசில் விடவில்லை. ஒரு முக்கோணத்தில் பெரிய கோணத்துக்கு எதிரேதான் பெரிய பக்கம் இருக்கும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். டீச்சர் சொன்னால் சரிதான் என்று விட்டுவிடுகிற ரகமில்லை அவள். ஒரு காலை, தையற்காரர் பட்டறைக் கதவைத் திறந்தபோது, அவள் தரையில் உட்கார்ந்து கத்திரியை விரிப்பதும் மூடுவதுமாக அதையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரைத் தீர்த்துக்கட்டலாம்னு யோசனை?"

"இங்க பாருங்களேன்" என்று கத்திரியை நீட்டினாள். "அலகு ரெண்டும் நீளம் மாறல. வாயை மட்டும் திறக்கிறேன். திறக்கத் திறக்க ரெண்டு முனைக்கும் நடுவுல தூரம் கூடுது பாருங்க. கோணம் பெருசானா எதிர்ல இருக்கிற இடைவெளியும் பெருசாகுது."

"இதைக் கண்டுபிடிக்க ஒரு காலைப்பொழுதா? இருபது வருசமா இந்தக் கத்திரியைத்தானே பிடிக்கிற?"

"பிடிச்சேன். பாக்கல" என்றாள். பிறகு தனக்குத்தானே பேசுவதுபோல, "ஆனா இது ரெண்டு வெவ்வேற திறப்பை ஒப்பிடுது. ஒரே முக்கோணத்துக்குள்ள இருக்கிற மூணு மூலைக்கும் இது எப்படிப் பொருந்தும்?" என்றாள்.

அந்தக் கேள்வியோடு இரண்டு நாள் சுற்றினாள். மூன்றாம் நாள் ஒரு காகித முக்கோணத்தை அவர் மூக்குக்கு எதிரே நீட்டினாள். ஒரு மூலையிலிருந்து கிளம்பும் சின்னப் பக்கத்தை, அதே மூலையிலிருந்து கிளம்பும் பெரிய பக்கத்தின் மேல் படியும்படி மடித்திருந்தாள். சின்னப் பக்கத்தின் நுனி, பெரிய பக்கத்தின் நுனி வரை எட்டாமல் பாதி வழியில் நின்றது. அந்த நுனியில் இருந்த கோணம், கடைசியில் கிடந்த கோணத்தைவிட அகலமாக விரிந்திருந்தது.

"பாத்தீங்களா? பெரிய பக்கத்தைப் பாத்துக்கிட்டிருந்த கோணம் இது. சின்னப் பக்கத்தைப் பாத்துக்கிட்டிருந்தது அது. ரெண்டையும் இப்ப ஒரே கோட்டுல நிறுத்தியாச்சு. பக்கத்துப் பக்கத்துல வெச்சா எது பெருசுன்னு கண்ணாலயே தெரியுதா இல்லையா?"

"தெரியுது" என்றார் தையற்காரர். பாதிதான் தெரிந்தது. ஆனால் அவள் முகம் அப்படி மலர்ந்திருந்தபோது தெரியவில்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

இந்தச் சமயத்தில்தான் மருத்துவமனை வேலை வந்தது. வெளிநோயாளிகள் பகுதியின் வாசலில் ஒரு திறந்த முற்றம். சீட்டு வாங்க வரிசையில் நிற்கிறவர்கள், கூட வந்தவர்கள், குழந்தையைத் தோளில் போட்டிருக்கிறவர்கள், அத்தனை பேரும் வெயிலில் வதங்கினார்கள். அங்கே மூன்று இரும்புக் கம்பங்கள் ஏற்கெனவே நட்டிருந்தார்கள். வாசலுக்குப் பக்கத்தில் ஒன்று, பெரிய மரத்தடியில் ஒன்று, மதிலோரம் ஒன்று. மூன்றையும் சேர்த்து ஒரே முக்கோண நிழல்துணி வேண்டும் என்று மருத்துவமனை மேலாளர் அம்மா கேட்டிருந்தார். வெயிலைத் தடுத்துக் காற்றை விடுகிற கெட்டியான வலைத்துணி ஒரு சுருள் வரவழைத்தார்கள். வந்து சேரவே ஏழு வாரம் ஆனது. வீணாக்கினால் மறுபடி ஏழு வாரம்.

பாப்பா போய் அளவெடுத்துவந்து அட்டவணை போட்டாள். அதில் ஒரு முக்கோணப் படம் இருக்கும். எல்லா வேலைக்கும் அதே அச்சுப் படம்தான், எண்கள் மட்டும் மாறும். துணியைப் பக்க அளவை வைத்து வெட்டுவார்கள். மூலைக்கு மூலை வைத்துத் தைக்கும் இரும்புத் தகட்டைக் கோண அளவை வைத்து வெளியே செய்யக் கொடுப்பார்கள். தகடு அன்று காலையிலேயே தயாராகி வந்துவிட்டது.

துணியைத் தரை முழுக்க விரித்தாயிற்று. கத்திரியம்மா முழங்காலிட்டு, அட்டவணையை ஒரு தரம் படித்தாள். இன்னொரு தரம் படித்தாள். பிறகு சுண்ணக்கட்டியைப் பெட்டியில் திரும்பப் போட்டாள்.

"பாப்பா, இது சரியில்ல."

பாப்பா கணினியிலிருந்து தலையைத் தூக்கினாள். "எது அண்ணி?"

"வாசலுக்கும் மரத்துக்கும் ஒன்பது மீட்டர். மரத்துக்கும் மதிலுக்கும் ஆறு. மதிலுக்கும் வாசலுக்கும் ஏழு. சரியா?"

"ஆமா."

"கோணம், மரத்தடியில தொண்ணூத்திரண்டு, மதில்கிட்ட அம்பத்தஞ்சு, வாசல்ல முப்பத்துமூணு."

"கூட்டிப் பாருங்க அண்ணி, நூத்தெண்பது. கோணம் எடுத்ததும் நான் முதல்ல பாக்கிறதே அதைத்தான்." பாப்பாவின் குரலில் லேசாகச் சூடு ஏறியது.

"நூத்தெண்பதுதான், நானும் கூட்டிட்டேன். பக்கத்தைத் தனியாப் பாத்தாலும் குத்தமில்ல. ஆறும் ஏழும் பதிமூணு, ஒன்பதைவிடப் பெருசு, நல்லா மூடும். கோணத்தைத் தனியாப் பாத்தா சரி, பக்கத்தைத் தனியாப் பாத்தா சரி. ஆனா இந்த ரெண்டும் ஒரே முக்கோணத்துல குடியிருக்க முடியாது."

"ஏன் முடியாது?"

"பெரிய கோணம் மரத்தடியில இருக்கு. அதுக்கு எதிர்ல இருக்கிறது எந்தப் பக்கம்? மதிலுக்கும் வாசலுக்கும் நடுவுல இருக்கிறது. அதுதான் இருக்கிறதுலயே நீளமா இருக்கணும். நீ அதுக்கு ஏழு போட்டிருக்க. அதைவிடச் சின்னக் கோணத்துக்கு எதிர்ல ஒன்பதை வெச்சிருக்க. எங்கயோ இடிக்குது."

தையற்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு பக்கம் பெண்டாட்டி, ஒரு பக்கம் கூடப்பிறந்தவள். நடுவில் ஏழு வாரம் காத்திருந்து வந்த துணி. எதிர்ச் சுவரில் அங்கி போட்ட பாப்பா சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே நிஜப் பாப்பா சிரிக்கவில்லை.

"அண்ணா, நீயே சொல்லு. பத்து வருசமா அளவெடுக்கிறேன். ஒரு வேலை திரும்பி வந்திருக்கா?"

தையற்காரர் தொண்டையைச் செருமினார். "பாப்பா படிச்சவ. பாத்துத்தான் போட்டிருப்பா. நீ ரெண்டு மாசமா வகுப்புக்குப் போறே, அதுக்குள்ள..."

சொல்லி முடிக்கவில்லை. முடிக்காமலிருந்தும் சொன்னது சொன்னதுதான். கத்திரியம்மா எழுந்து, கத்திரியை அவர் மடி மேல் வைத்தாள்.

"நான் வெட்டமாட்டேன். சரின்னு தோணுச்சுன்னா நீங்களே வெட்டுங்க."

இருபத்திரண்டு வருடத்தில் அவள் மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் குரலை உயர்த்தவில்லை, கண் கலங்கவில்லை. உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். தையற்காரர் கத்திரியைக் கையில் எடுத்தார். அதன் கனம் அவருக்குப் புதிதாக இருந்தது. துணியின் ஓரம் வரை போனார். கத்திரியின் வாயைத் திறந்தார். கோணம் பெருசானா எதிர்ல இருக்கிற இடைவெளியும் பெருசாகுது என்று அவள் காட்டியது அப்படியே கண்ணெதிரே நடந்தது. மூடினார். மறுபடி திறந்தார். பள்ளிக்கூட வாசலை வெளியிலிருந்து மட்டுமே பார்த்த அந்த மனிதருக்கு, இதில் எதிர்த்துப் பேச ஒன்றுமில்லை என்று அந்த இடத்தில்தான் உறைத்தது.

"எது தப்பு? கோணமா, பக்கமா?" என்று மனைவியைக் கேட்டார். முதல் தடவையாகத் தங்கையைக் கேட்காமல் மனைவியைக் கேட்டார்.

"அதைக் காகிதம் சொல்லாது. தப்பு இருக்குங்கிறதுவரைக்கும்தான் சொல்லும். போய் அளந்தாத்தான் தெரியும்."

"கிளம்புங்க, மூணு பேரும் போவோம்."

வேனில் பாப்பா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். பாதி தூரம் போன பிறகு கத்திரியம்மா பொதுவாகச் சொன்னாள். "கோணம் சரி, ஒன்பதும் ஆறும் சரின்னு வெச்சுப்போம். அப்ப அந்த மூணாவது பக்கம் ஒன்பதுக்கு மேல இருக்கணும். பதினஞ்சைத் தொடக் கூடாது. ஒன்பதும் ஆறும் சேர்ந்தாலே பதினஞ்சுதானே."

"சரியா எவ்வளவுன்னு சொல்லேன்" என்றார் தையற்காரர்.

"அதுக்கு வேற கணக்கு இருக்காம். அது இன்னும் எனக்கு வரல. இப்போதைக்கு என்கிட்ட இருக்கிறது வேலிதான். ஒன்பதுக்கு மேல, பதினஞ்சுக்குள்ள."

மருத்துவமனை முற்றத்தில் வெயில் சுள்ளென்று அடித்தது. வரிசையில் நின்றவர்கள் கையிலிருந்த மருத்துவச் சீட்டுகளைத் தலைக்கு மேல் பிடித்திருந்தார்கள். மதிலின் நிழல் ஒரு சாண் அகலத்துக்கு விழுந்திருந்தது. அதற்குள் உடம்பை ஒடுக்கிக்கொண்டு ஆறு பேர் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள்.

முதலில் வாசல் கம்பத்திலிருந்து மரத்தடிக் கம்பத்துக்கு டேப்பை இழுத்தார்கள். ஒன்பது. மரத்தடியிலிருந்து மதிலுக்கு ஆறு. பாப்பா டேப்பின் நுனியை மதில் கம்பத்தில் மாட்டினாள். தையற்காரர் டேப்பைப் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். ஏழில் ஒரு தண்ணீர்க் குழாய் வந்தது. அதையும் தாண்டினார். எட்டு. ஒன்பது. பத்தில் டேப் வெடுக்கென்று நின்றது. அது பத்து மீட்டர் டேப். வாசல் கம்பம் இன்னும் எட்டி நின்றது.

அவர் திரும்பிப் பார்த்தார். பாப்பா டேப்பைப் பார்க்கவில்லை, அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் அடியில் சுண்ணக்கட்டியால் போட்ட பழைய கோடு ஒன்று மங்கலாகத் தெரிந்தது.

"டேப் பத்தாதுன்னு குழாய்வரைக்கும் ஒரு தடவை அளந்தேன்" என்றாள் மெதுவாக. "ஏழு. எழுதிக்கிட்டேன். மிச்சத்தை அளந்துட்டு நிமிரும்போது ஒரு நோயாளியைப் படுக்கையோட தள்ளிக்கிட்டு அவசரமா வந்தாங்க. எல்லாரும் ஒதுங்கினோம். அந்தப் பொண்ணுக்கு என் வயசுதான் இருக்கும். கூடவே ஒரு சின்னக் குழந்தை ஓடிச்சு. அதையே பாத்துக்கிட்டு நின்னேன். மிச்சம் நாலுன்னு மனசுல இருந்துச்சு. எழுதலை."

கத்திரியம்மா குழாயிலிருந்து வாசல் கம்பம்வரை டேப்பை வைத்தாள். நான்கு. ஏழும் நான்கும் பதினொன்று.

பதினொன்று! ஒன்பதுக்கு மேல், பதினைந்துக்குள். வேனில் உட்கார்ந்தபடி, டேப்பைத் தொடாமல், இடத்தைக் கண்ணால் பார்க்காமல், அவள் போட்ட வேலிக்குள் அந்த எண் தானாக நடந்து வந்து நின்றதுபோல இருந்தது தையற்காரருக்கு. பட்டறையில் தான் சொன்ன பேச்சு அப்போது நினைவுக்கு வந்து சுட்டது.

பாப்பா குழாய்த் திட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள். "அண்ணி, ஏழுன்னு வெட்டியிருந்தா?"

"வெட்டலையே" என்றாள் கத்திரியம்மா.

"கோபத்துல பேசிட்டேன் அண்ணி."

"நீ நூத்தெண்பதைச் சரிபாக்காம போட்டிருந்தா எனக்குக் கோணத்து மேல நம்பிக்கையே வந்திருக்காது. நீ சரியா எடுத்த கோணம்தான் உன் தப்பைக் காட்டிக் கொடுத்துச்சு. எழுந்திரு, வெயில் மண்டையைப் பொளக்குது."

பாப்பா எழுந்தாள். அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள் என்பதைத் தையற்காரர் கவனித்தார். பிறகு அவர் மனைவியின் பக்கத்தில் போய் நின்றார்.

"காலையில நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"எப்படி?"

"ரெண்டு மாசம், அது இதுன்னு."

"ரெண்டு மாசமில்ல. மூணு மாசமாச்சு" என்றாள் அவள். அவ்வளவுதான் அவள் கொடுத்த தண்டனை.

அன்று மத்தியானமே வெட்டினார்கள். கம்பத்துக்குக் கம்பம் உள்ள தூரத்தைவிடத் துணியைக் கொஞ்சம் குறைவாக வெட்ட வேண்டும், இழுத்துக் கட்டும்போது அது நீளும். விளிம்பை உள்பக்கமாக லேசாக வளைக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்றில் படபடக்கும். கத்திரியம்மா முழங்காலில் நகர்ந்து நகர்ந்து வெட்டினாள். பதினொரு மீட்டர் பக்கத்தை ஒரே மூச்சில் வெட்டி முடித்தபோது பாப்பா கைதட்டினாள். தையற்காரர் இரண்டு நாள் உட்கார்ந்து விளிம்பை மடித்து, உள்ளே கம்பிவடம் ஓட்டித் தைத்தார். மூலைத் தகடுகளை வைத்துப் பார்த்தார். மூன்றும் அச்சுக் குத்தினாற்போல் உட்கார்ந்தன.

துணியை ஏற்றுகிற நாளில் முற்றத்தை அரைமணி நேரம் ஒழித்துக் கொடுத்தார்கள். மருத்துவமனைத் தோட்டக்காரர் ஏணி பிடித்தார். மரத்தடி மூலையை முதலில் மாட்டினார்கள், பிறகு மதில், கடைசியில் வாசல். தையற்காரர் முறுக்குத் திருகைச் சுற்றச் சுற்ற, தொங்கிக்கொண்டிருந்த துணி மெல்ல மெல்ல மேலே எழுந்தது. சுருக்கங்கள் ஒவ்வொன்றாக ஓடி மறைந்தன. கடைசிச் சுற்றில் மூன்று விளிம்பும் விண்ணென்று நின்றன. ஒரு மடிப்பு இல்லை, ஒரு தொய்வு இல்லை. கீழே தரையில் நிழல் ஒரு பெரிய முக்கோணமாக விழுந்தது. யாரும் சொல்லாமலே மதிலோரம் ஒடுங்கி நின்றவர்கள் அதற்குள் வந்து, காலை அகட்டி, கையை வீசி நின்றார்கள். ஒரு தாத்தா செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையைத் தொட்டுப் பார்த்தார்.

மேலாளர் அம்மா கண்ணுக்கு மேல் கை வைத்து அண்ணாந்து பார்த்தார். "முன்னாடி வேற ஒருத்தர்கிட்ட இன்னொரு வாசலுக்குப் போட்டோம். எப்பப் பாத்தாலும் தொங்கிக்கிட்டே இருக்கும். இது இவ்வளவு கச்சிதமா இருக்கே, யாரு கணக்கு?"

தையற்காரர் இந்தக் கேள்விக்காகவே இரண்டு நாளாகக் காத்திருந்தார். தையல் தைத்துக்கொண்டே பதிலை மனப்பாடம் செய்திருந்தார். மார்பை நிமிர்த்தி, வாயைத் திறந்தார்.

"எங்க அண்ணி கணக்கு" என்றாள் பாப்பா. "நான் அளவைத் தப்பா எழுதிட்டேன் மேடம். எங்க அண்ணி இடத்தைப் பாக்காமலே காகிதத்தைப் பாத்துத் தப்பைக் கண்டுபிடிச்சாங்க. அந்தப் பக்கம் எதுக்கும் எதுக்கும் நடுவுல இருக்கும்னுகூட அளக்கிறதுக்கு முன்னாடியே சொன்னாங்க."

திறந்த வாய் திறந்தபடி நின்றார் தையற்காரர். இரண்டு நாள் மனப்பாடம் வீணாய்ப் போயிற்று. போனால் போகட்டும், பாப்பா சொன்னதில் குறை ஒன்றுமில்லை. ஆனாலும் அவரால் சும்மா இருக்க முடியவில்லை.

"என் சம்சாரம்" என்று சேர்த்துக்கொண்டார். "பாப்பாவுக்கு அண்ணின்னா எனக்கு என்ன முறைன்னு நீங்க குழம்பிடக் கூடாதுல்ல."

கத்திரியம்மா தலையைக் குனிந்து சிரிப்பை அடக்கினாள். மேலாளர் அம்மா அவளிடமே திரும்பினார்.

"குழந்தைகள் பிரிவுக்கு முன்னாடியும் ஒண்ணு போடணும். அங்க நாலு கம்பம் இருக்கு. நாலு பக்கத்தையும் அளந்து அனுப்பினா போதுமா?"

"போதாதுங்க" என்றாள் கத்திரியம்மா. "நாலு பக்கம் மட்டும் இருந்தா அது எப்படி வேணும்னாலும் சாயும். குறுக்கே மூலைக்கு மூலை ஒரு அளவு எடுத்துட்டா ரெண்டு முக்கோணம் ஆயிடும், அப்புறம் அசையாது. எங்க பாப்பாவே வந்து எடுப்பா. அவ எடுக்கிற கோணம் பிசகாது."

பாப்பா அண்ணியைத் திரும்பிப் பார்த்த பார்வையைத் தையற்காரர் பார்த்தார். அப்பா அம்மா போன அன்று இந்தக் குடும்பம் எப்படிக் கரைசேரப் போகிறதோ என்று பயந்தது அவருக்கு ஞாபகம் வந்தது. முறுக்குத் திருகில் ஏதோ சரிசெய்வதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த மாதம் தேர்வு வந்தது. கணக்குத் தேர்வு ஒரு வேலை நாளில் விழுந்தது. இருபத்திரண்டு வருடத்தில் காய்ச்சலுக்கும் மழைக்கும் மூடாத பட்டறையைத் தையற்காரர் அன்று மூடினார். மூடினது மட்டுமல்ல, ஒரு பெரிய அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதிக் கதவில் மாட்டினார். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பாப்பாவிடம் காட்டிச் சரிபார்த்த பிறகே மாட்டினார்.

"இன்று விடுமுறை. என் மனைவி கணக்குத் தேர்வு எழுதுகிறார்."

தேர்வுக்கூட வாசலில் மூன்று மணி நேரம் நின்றார். ரொட்டிக்கடைக்காரரின் மனைவியும் நடத்துநரின் அண்ணனும் அங்கே நின்றார்கள். அவர்களிடம் மருத்துவமனைக் கதையை ஆளுக்கொரு தரம் சொன்னார். அவள் வெளியே வந்தபோது விரலெல்லாம் மை.

"எல்லாம் எழுதினியா?"

"ஒண்ணு விட்டுட்டேன். மத்ததெல்லாம் எழுதிட்டேன்."

"ஒண்ணுதானே! போனாப் போகுது."

நூற்றுக்கு எழுபத்தொன்று வந்தது. அது வந்தது ஆறு வாரம் கழித்து. கதவில் மாட்டிய அட்டையை மறுநாளே கழற்றியிருக்க வேண்டும். தையற்காரர் ஒரு வாரம்வரை கழற்றவில்லை. இன்றைக்கும் விடுமுறையா என்று திறந்திருக்கிற கதவைப் பார்த்துக்கொண்டே வாடிக்கையாளர்கள் கேட்டார்கள்.

"இல்ல, வாங்க, உக்காருங்க" என்பார் அவர். இயந்திரத்தை நிறுத்திவிட்டு நாற்காலியை இழுத்துப் போடுவார். "அந்த அட்டை என்னன்னா, அது ஒரு பெரிய கதை."